கர்ப்பத்தில் நான் செய்த தவறால்தான் மகளுக்கு பிசிஓஎஸ் வந்ததா?

இல்லைங்க. உங்களுக்கும் பிசிஓஎஸ் (மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி முளைப்பது என்று வரும் ஹார்மோன் கோளாறு) இருந்தது, இப்போது 19 வயது மகளுக்கும் இருக்கிறது, மாசமாக இருந்தபோது எதையாவது தின்று கெடுத்துவிட்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். பப்பாளியும் கருவாடும் இதற்குக் காரணம் இல்லை.

நாங்கள் பாம்பன். அம்மா கடலில் பாசி எடுக்கப் போனவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மூழ்கிப் பறிப்பார். உடம்பில் பிடி சதை கிடையாது. அவருக்கே மூன்று மாதம், நான்கு மாதம் தள்ளித்தான் வருமாம். கதவோர வெளிச்சத்தில் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தாடையில் முளைத்த முடியைப் பிடுங்குவார். கல்யாணமாகி எட்டாம் வருஷம், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு என்னைப் பெற்றார். எனக்கும் இதே தொல்லை வந்தபோது "பரோட்டாவும் செல்போனும்தான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். பாசி எடுத்தவருக்கு எந்த பரோட்டா?

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் பெண் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. சினையாக இருந்த குரங்குகளுக்கும் செம்மறி ஆடுகளுக்கும் அதைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறந்த பெட்டைகள் வளர்ந்ததும் கருமுட்டை ஒழுங்காக வெளிவரவில்லை, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. 2018ல் பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள், பிசிஓஎஸ் உள்ள கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஏஎம்எச் என்ற ஹார்மோன் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். சினைச் சுண்டெலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றியதும் தாய் எலியின் டெஸ்டோஸ்டிரோன் கூடியது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிச் சிசுவைக் காக்க வேண்டிய நஞ்சுக்கொடியின் வேலையும் குறைந்தது. பிறந்த பெண் எலிகளுக்கு பிசிஓஎஸ் போலவே எல்லாம் வந்தது. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவு மிதமிஞ்சிவிட்டதுதான் கோளாறு. அதை அடக்கும் செட்ரோரெலிக்ஸ் மருந்தைக் கொடுத்ததும் அந்த எலிகள் தேறின. மனிதர்களில், 2019ல் வந்த ஸ்வீடன் ஆய்வின்படி, பிசிஓஎஸ் இல்லாத தாயின் மகளைவிட, பிசிஓஎஸ் உள்ள தாயின் மகளுக்கு அது வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு.

மரபணுவும் இதில் சேரும். கருவறை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தத்தில் எந்த ஹார்மோன் எவ்வளவு ஓட வேண்டும் என்று எந்தத் தாயும் முடிவு செய்வதில்லை. அதற்காகத் தயவுசெய்து அழாதீர்கள்.

மகளுக்குச் சர்க்கரை பார்த்துவிடுங்கள், அது முக்கியம். என் மகளுக்கு 12 வயது, இப்போதுதான் பெரியவளானாள். முதல் ஓரிரு வருஷம் முன்பின்னாக வருவது சகஜம். மூன்று வருஷம் கழித்தும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால், நானே டாக்டரிடம் கூட்டிப்போவேன். ஆச்சியின் கண்ணாடிக் கதையை அவளிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.