கேள்வி–பதில்: விந்தணுவுக்கு மக்னீசியம் எதற்கு?

எனக்கு 32 வயது. தோல் தொழிற்சாலையில் பாய்லர் பக்கத்தில் வேலை. விந்து பரிசோதனையில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது; முன்னோக்கி நீந்தும் அணுக்கள் 24 சதவீதம்தான். மக்னீசியம் மாத்திரை போட்டால் அணுக்களுக்குச் சக்தி வரும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். வாங்கலாமா டாக்டர்?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

இப்போதைக்கு வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் இதற்கான கீழ் எல்லை 30 சதவீதம். உங்களுடையது குறைவுதான். ஆனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து, மாதிரியை லேபிலேயே கொடுங்கள். வீட்டில் எடுத்து பஸ்ஸில் வேலூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிடும், நீந்தும் அளவு குறைத்துக் காட்டும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக் கூடாது. முதலில் வரும் பகுதி சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அணுக்கள் அதில்தான் அதிகம்.

பாய்லர் சூட்டை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். விரைகளுக்கு உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு உற்பத்தி சீராக நடக்கும். முடிந்தால் வேறு பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள். ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதனால் மாற்றத்தின் பலன் மூன்று மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனையில்தான் தெரியும்.

பெண்ணின் உடலுக்குள் போன பிறகுதான் விந்தணு கருவுறச் செய்யும் தகுதி பெறுகிறது என்று படித்தேன். அப்போது அதன் சக்தியைக் கூட்டுவது மக்னீசியமா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

இல்லை. மக்னீசியம் இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் வேலையைத் தொடங்கி வைப்பது பைகார்பனேட்டும் கால்சியமும்தான். இந்தத் தகுதி பெறும் கட்டத்தை 1951-இல் அமெரிக்காவில் சாங், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

வால் அசைய, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. செலவாகிறது. செல்லுக்குள் ஏ.டி.பி. பெரும்பாலும் மக்னீசியத்தோடு சேர்ந்தே இருக்கும். வாலை வளைக்கும் டைனீன் புரதம் அந்த ஜோடியைத்தான் எடுத்துக்கொள்ளும். சர்க்கரையை உடைக்கும் ஹெக்சோகைனேஸ் போன்ற நொதிகளுக்கும் அதே ஜோடிதான் வேண்டும். பைகார்பனேட் உள்ளே வந்ததும் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதி விழித்து, ஏ.டி.பி.யிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறைச் செய்கிறது. அதற்கும் மக்னீசியம் துணை வேண்டும். பிறகு கேட்ஸ்பர் என்ற வாயில் வழியாகக் கால்சியம் நுழையும். அதுவரை சீராக நீந்திய வால் சாட்டைபோல வீசத் தொடங்கும், ஏ.டி.பி. செலவு எகிறும். நடுப்பகுதியில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவும், வால் நெடுகச் சர்க்கரையை உடைக்கும் நொதிகளும் சேர்ந்துதான் அதை ஈடுகட்டுகின்றன.

ஸ்விம்-அப் (நன்றாக நீந்தும் அணுக்கள் மேலே உள்ள வளர்ப்புத் திரவத்துக்கு, அதாவது மீடியத்துக்கு, தாமே ஏறி வர விட்டுப் பிரித்தெடுக்கும் முறை) செய்தால் ஒரு மணி நேரம் கழித்தும் மேலே ஏறி வரும் அணுக்கள் மிகக் குறைவு. மீடியம் நன்றாகச் சிவந்திருந்தது. மக்னீசியம் கூடுதலாகச் சேர்க்கலாமா?
– லேப் பயிற்சியாளர், ராணிப்பேட்டை

சேர்க்க வேண்டாம். எச்.டி.எஃப். (கருக்குழாய்த் திரவத்தை ஒத்த) மீடியத்தில் மக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 0.2 மில்லிமோல்தான், அது போதும். அடர் சிவப்பு, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறிவிட்டதன் (காரத்தன்மை கூடிவிட்டதன்) அடையாளம். பைகார்பனேட் மட்டும் உள்ள மீடியமானால் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில், 37 டிகிரியில், மூடியைத் தளர்த்தி முன்கூட்டியே சமநிலைப்படுத்துங்கள். பி.எச்.சை நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் என்ற பொருள் கலந்த மீடியத்தை அங்கே வைத்தால் அமிலமாகிவிடும். அதைச் சாதாரணக் காற்றில், மூடியை இறுக்கி வையுங்கள். குழாயை 45 டிகிரி சாய்த்து வைத்தால் அணுக்கள் ஏறி வர அதிகப் பரப்பு கிடைக்கும். எடுக்கும்போது கலக்காமல், மேலே உள்ள 1 மில்லியை மட்டும் எடுங்கள். மீடியத்தை நீங்களே தயாரித்தால் கால்சியத்தை நீர்த்த நிலையில் கடைசியாகச் சேருங்கள். முந்திச் சேர்த்தால் பாஸ்பேட்டோடு கூடி வெள்ளையாகக் கலங்கும்.

மக்னீசியம் சாப்பாட்டிலேயே கிடைக்குமா?
– வாசகர், ஆரணி

கிடைக்கும். ஆண்களுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் பரிந்துரைத்தது நாளுக்கு 440 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 140, அதே அளவு வேர்க்கடலையில் 170 முதல் 200 வரை. ஒரு வேளை களியும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேர்ந்தாலே ஏறக்குறைய பாதி தேறிவிடும். மீதி கீரை, பருப்பு, எள்ளில் வரும். தீட்டிய அரிசியை மட்டும் நம்பினால் தேறாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரையைத் தாமாகப் போடக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்கள், அதைப் போட்டு 2 மணி நேரமாவது கழித்துத்தான் மக்னீசியம் போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடலில் சேராது.