கேள்வி பதில்: வைட்டமின் ஏ கண்ணுக்குள் என்ன செய்கிறது?

கேள்வி: வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்று பள்ளியிலேயே படித்தோம். அது கண்ணுக்குள் போய் ஒளியைப் பிடித்துக் கொடுப்பதோடு சரியா, வேறு வேலையும் உண்டா?
(வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: ஒளியைப் பிடிப்பது பாதி வேலைதான். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரையின் குச்சி செல்களில் ஆப்சின் என்றொரு புரதம் இருக்கிறது. 348 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. செல்லுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்து, நடுவில் ஒரு குழியை விட்டுவைத்திருக்கும். வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினால் அந்தக் குழிக்குள் போய், 296-ஆவது இடத்திலிருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரோடாப்சின். இப்படி ஒட்டியிருந்து புரதத்தை வேலை செய்ய வைக்கும் சின்ன மூலக்கூறுதான் இணைக்காரணி.

மீதி வேலை இதுதான்: ரெட்டினால் உள்ளே இருக்கும்வரை புரதமும் கெட்டியாக இருக்கும், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த ரோடாப்சினை இருட்டில் வைத்துச் சூடாக்கினால் சுமார் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்குகிறது, ரெட்டினால் இல்லாத வெறும் ஆப்சினோ 55-ஐ ஒட்டியே குலைந்துவிடுகிறது. பந்தலின் நடுக்காலை உருவிவிட்டால் உடனே விழாது, ஆனால் காற்றடித்தால் நிற்காது, அந்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், வெளிச்சம் பட்டாலே இந்தக் கால் உருவப்பட்டுவிடும். வளைந்திருந்த ரெட்டினால் ஒளிபட்டதும் நிமிர்கிறது, மூளைக்குச் செய்தி கிளம்புகிறது, அப்புறம் பிணைப்பு அறுந்து அது குழியை விட்டு வெளியேறுகிறது. பக்கத்து அடுக்கு செல்கள் அதை மறுபடி வளைத்து அனுப்பியாக வேண்டும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் போனால் கண் முழுசாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் பிடிப்பது இதனால்தான்.

வைட்டமினே வராவிட்டால்? 1950-களின் கடைசியில் ஹார்வர்டில் ஜார்ஜ் வால்டும் ஜான் டௌலிங்கும் எலிகளுக்கு வைட்டமின் ஏ-யை நிறுத்திப் பார்த்தார்கள். முதலில் குறைந்தது ரோடாப்சின், அதாவது மாலைக்கண். விடாமல் நிறுத்தி வைத்தபோது ஆப்சினும் குறைந்தது, கடைசியில் குச்சி செல்களே சிதைந்தன. வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாலைக்கண்ணை ஆரம்பத்திலேயே கவனித்தால் சரியாகிவிடும், செல்லே போன பிறகு வைட்டமின் கொடுத்து என்ன பயன்?

கேள்வி: அப்படியானால் தினமும் கேரட் தின்றால் என் கண்ணாடி பவர் குறையுமா?
(வாசகர், தேனி)

பதில்: குறையாது. பவர் என்பது விழியின் நீளமும் கருவிழியின் வளைவும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். ஆப்சின்களுக்கெல்லாம் ரெட்டினால் கிடைத்துவிட்டால் மிச்சம் கல்லீரலில் போய்ச் சேரும், அவ்வளவுதான். கேரட்டோ முருங்கைக்கீரையோ, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்துச் சாப்பிடுங்கள். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் வாங்கி விழுங்காதீர்கள், அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.