வீட்டுவழிக் கல்வி: தினமும் ஒரு செய்முறை கட்டாயமா?

கேள்வி: பத்து வயது மகனுக்கும் ஏழு வயது மகளுக்கும் ஓராண்டாக வீட்டிலேயே பாடம் நடத்தி வருகிறேன். மாதந்தோறும் செய்முறைப் பெட்டி ஒன்றைச் சந்தா கட்டி வரவழைக்கிறோம். கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல், மொழி, ஓவியம், இசை என நாளுக்கு ஏழு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல்பாடு என்று திட்டமிட்டுச் சோர்ந்துவிட்டேன். பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: செயல்பாடு நடந்தாலே பாடம் நடந்துவிட்டது என்று எண்ணிவிட்டீர்கள். கை ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் சும்மா இருக்க முடியும். பெட்டியில் வருபவற்றில் பெரும்பாலானவை அதற்கு வசதியாகவே அமைந்திருக்கின்றன. வெட்ட வேண்டிய கோடு அச்சாகியிருக்கும், ஒட்ட வேண்டிய இடத்துக்கு எண் இட்டிருப்பார்கள், விடை அட்டையின் பின்புறம் இருக்கும். குழந்தை யோசிப்பதற்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் விற்பதற்குத்தான் அவ்வளவு விலை. எல்லாப் பெட்டிகளிலும் தவறாமல் வரும் எரிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும், உண்மைதான். ஆனால் எரிமலை வெடிப்பது பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் பிற வாயுக்களும் அழுத்தம் குறையும்போது விரிவதால். வேதியியலைப் பாதியும் புவியியலைத் தவறாகவும் கற்பித்துவிட்டு, இரண்டு பாடங்கள் முடிந்தன என்று அட்டவணையில் குறித்துக்கொள்வதில் என்ன பயன்?

ஒரே ஒரு செயல்பாட்டை இரண்டு வாரங்களுக்கு நீட்டிப் பாருங்கள். ஒரு நூலில் கனமான திருகுமரை ஒன்றைக் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிடுங்கள். முடிச்சிலிருந்து மரையின் நடுப்பகுதிவரை ஒரு மீட்டர் இருக்கட்டும். சற்றே இழுத்துவிட்டு, போய்த் திரும்புவதை ஓர் ஊசல் என்று வைத்துப் பத்து ஊசலுக்கு ஆகும் நேரத்தை மகன் கடிகாரத்தில் பார்க்கட்டும், மகள் எண்ணட்டும். இருபது விநாடி வர வேண்டும். உங்கள் வீட்டில் பெரும்பாலும் பதினெட்டுதான் வரும், ஏனென்றால் கையை விடும்போதே குழந்தை "ஒன்று" என்று தொடங்கிவிடும். உண்மையில் ஒன்பது ஊசல்தான் முடிந்திருக்கும். இதை நீங்கள் திருத்தக் கூடாது. மகன் ஒரு முறையும் மகள் ஒரு முறையும் எண்ணி, விடைகள் ஒத்துப்போகாமல் இருவரும் சண்டையிட்டு, கடைசியில் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்கும் அந்த அரை மணி நேரம்தான் பாடம்.

அடுத்த நாள் நூலைப் பாதியாக்குங்கள், ஆனால் அதற்கு முன்பு எத்தனை விநாடி வரும் என்று இருவரும் எழுதிவைக்க வேண்டும். மகன் பத்து என்று எழுதுவான். வருவது பதினான்கை ஒட்டியிருக்கும். பத்து வேண்டுமானால் நூல் கால் மீட்டராக வேண்டும். நேரம் இரட்டிப்பாக நீளம் நான்கு மடங்கு ஆக வேண்டும் என்பதைத் தன் கையெழுத்திலேயே பார்த்த பிள்ளைக்கு வர்க்கம் என்பது புத்தகத்துச் சொல்லாக இருக்காது. ஒரு மரைக்குப் பதில் மூன்றைக் கட்டி, நேரம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதையும் பார்க்கட்டும். புதிதாகக் கட்டும்போது நீளம் மாறிவிடாமல் மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்கள் கேட்ட மற்றப் பாடங்களும் இந்த நூலிலேயே தொங்குகின்றன. 1656-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் இப்படித் தொங்கி ஆடும் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்திய கதை வரலாறு. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து நிலநடுக்கோட்டை ஒட்டிய, தென் அமெரிக்காவின் கயென்னுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம், அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதால், நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பூமி முழு உருண்டையாக இல்லாமல் நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது என்ற முடிவுக்கு அது ஒரு சான்றாயிற்று. வரைபடத்தில் அந்த இரண்டு ஊர்களையும் மகள் தேடிப் பிடித்தால் அன்றைய புவியியல் முடிந்தது. செய்ததையெல்லாம் மகன் பத்து வாக்கியங்களில் எழுதினால் அது மொழிப்பாடம். ஓவியத்தையும் இசையையும் இதோடு வலிந்து முடிச்சுப்போட வேண்டாம். அவற்றுக்கு வாரத்தில் ஒரு மாலை தனியாகக் கொடுங்கள். ஆக, நாள்தோறும் நடக்க வேண்டியவை கணக்கும் வாசிப்பும் மட்டுமே. மற்றவற்றை வாரத்துக்கு ஒரு பொருளாகச் சுழற்சியில் விடலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மிகுதியான சேதம் நடப்பது இங்கேதான். எழுத்துக்கூட்டி வாசிப்பதும் வாய்ப்பாடும் செயல்பாட்டால் வருபவை அல்ல. மணலில் எழுத்தை வரைவதும் களிமண்ணில் உருட்டுவதும் எழுத்தின் வடிவத்தை அறிமுகப்படுத்தும். சரளமான வாசிப்பு, ஒலியையும் எழுத்தையும் சேர்த்து உரக்கப் படித்துப் படித்துத்தான் வரும். உங்கள் மகள் விஷயத்தில் நாளுக்குப் பதினைந்து நிமிடம், பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தடுமாறும் சொல்லை உடனே சொல்லிக் கொடுத்து, அதே பத்தியை மறுபடி படிக்கச் செய்யுங்கள். மகனுக்கு வாய்ப்பாடு தடுமாறினால், வர்க்கத்தைக் கண்டுபிடித்தவனாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள்; ஏழெட்டு ஐம்பத்தாறு என்று யோசிக்காமல் வராத பிள்ளைக்குப் பின்னக் கணக்கில் ஒவ்வொரு அடியும் ஒரு மேடு. நாள்தோறும் இப்படிப் படித்தும் மகள் ஓர் ஆண்டில் எளிய வாக்கியங்களைப் படிக்கத் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள், பிறகு வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறியும் உளவியலாளரிடம் செல்லுங்கள்.

உளவியலாளரிடம் செல்லுங்கள் என்றேன், விரல்ரேகை பார்ப்பவரிடம் அல்ல. கணினியில் பத்து விரல்களையும் பதிவுசெய்து, "உங்கள் குழந்தை கண்ணால் கற்பவள், இந்தப் பாடம்தான் பொருந்தும்" என்று வண்ண அறிக்கை தருபவர்கள் வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களைத் தேடி வருகிறார்கள். பிள்ளை கருவில் இருக்கும்போதே உருவாகிவிடும் ரேகைக்கும் கற்கும் திறனுக்கும் எந்தத் தொடர்பும் நிறுவப்படவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் அவர்களே விற்கும் பயிற்சியின் விலைப்பட்டியல் இருக்கும். நான் பார்க்க நேர்ந்தவற்றிலெல்லாம் இருந்தது.

தேர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து வரும் தரகர் அந்தப் பயத்தைத்தான் விற்பார். கேம்பிரிட்ஜ் போன்ற பன்னாட்டு வாரியத்தின் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் வாரியத்திடம் நேரடியாகப் பதிவுசெய்ய முடியாது, அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்று ஏற்றுக்கொள்ள வேண்டும், அது மறுக்கவும் செய்யலாம். பிள்ளையைச் சுமையாகப் பார்க்கும் இந்த ஏற்பாட்டின் இடுக்கில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். "சான்றிதழ் நாங்கள் தருகிறோம்" என்று எவராவது சொன்னால் எந்த வாரியத்தின் பெயரில் என்று கேளுங்கள், அவர்கள் சொல்லும் மையத்தின் பெயர் அந்த வாரியத்தின் மையப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள். கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வான ஐஜிசிஎஸ்இ-யின் இயற்பியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக ஓர் எழுத்துத் தாளை எழுத வழியுண்டு. ஆண்டுக்கணக்கில் கையால் செய்து பார்த்த பிள்ளை, செய்வது எப்படி என்று தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் மகனின் ஊசல் குறிப்பேடு அதற்கு நல்ல பயிற்சி, எறிந்துவிடாதீர்கள்.

பெட்டிச் சந்தாவை இந்த மாதமே நிறுத்திவிடலாம். பல சந்தாக்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், நிறுத்திய செய்திக்கு எழுத்தில் பதில் வாங்கிவைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கில் அடுத்த பிடித்தம் நடக்கவில்லை என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.