மனநோயிலிருந்து மீள்பவர்களுக்குக் கலைச் செயலமர்வு: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு சிறு மண்டபம் கிடைத்திருக்கிறது. கிளினிக் போய் மருந்தெடுத்துக்கொண்டு வீட்டிலிருக்கும் சிலரைச் சேர்த்து ஓவியமும் களிமண்ணும் செய்விக்கலாம் என்று நினைக்கிறோம். எப்படி நடத்துவது?

பதில்:

கலையைப் பற்றி யோசிக்க முதல் மருந்தைப் பற்றி யோசியுங்கள். வருபவர்களில் பலர் இரவில் குளிசை போடுபவர்கள். காலை எட்டரைக்கு வைத்தால் பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள், மற்றவர்கள் வரவே மாட்டார்கள். பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியுங்கள். எட்டுப் பேருக்கு நடத்துநர் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வேலையைப் பார்க்க, மற்றவர் ஆட்களைப் பார்க்க.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லிதியம் மருந்தை எடுப்பவருக்குக் கை நடுங்கலாம். வேறு சில மருந்துகளால் வாய் காயும், கிட்டப் பார்வை மங்கும், ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு வரும். அதனால் மெல்லிய தூரிகையை விட்டுவிட்டு 12ஆம் இலக்கத் தூரிகை வாங்கி, பிடியில் துணியைச் சுற்றி ரப்பர் பட்டி போடுங்கள். தண்ணீருக்கு உயரமான கிளாஸ் வைத்தால் கை பட்டதும் மேசை முழுக்க ஆறுதான். அகன்ற மாஜரின் டப்பா வையுங்கள். எழுந்து நடப்பவரை 'இருங்கோ, இருங்கோ' என்று இருத்த வேண்டாம், சுவரோரம் நடக்க இடம் விடுங்கள். குடிதண்ணீர் எப்போதும் கைக்கெட்ட இருக்கட்டும்: கொழும்பு வெக்கையில் உடம்பு நீர் வற்றினால் இரத்தத்தில் லிதியத்தின் அளவு ஏறும். ஆனால் தூரிகை கழுவும் தண்ணீரைக் குடிதண்ணீருக்கும் பிளேன்டீக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், யாராவது மாறிக் குடிப்பார்.

வெற்றுத் தாளை நீட்டிவிட்டு 'விரும்பினதைக் கீறுங்கோ' என்றால் பலருக்குக் கை ஓடாது. முதலிலேயே ஒரு வளைகோடு போட்ட தாளைக் கொடுத்து, அதிலிருந்து தொடரச் சொல்லுங்கள். 'உங்கள் வீட்டை வரையுங்கள்', 'குடும்பத்தை வரையுங்கள்' இரண்டும் முதல் வாரங்களுக்கு ஆகாது. 1983 கலவரத்தில் வீடு எரிந்தவரும், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவரும் இதே காலி வீதியில்தான் இருக்கிறார்கள். காலையில் தேத்தண்ணி குடித்த கோப்பை போதும். கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்வதும் வேண்டாம். யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பவர்களுக்கும் அதிர்ச்சியைத் தாண்டி வந்தவர்களுக்கும் அது பதற்றத்தைக் கூட்டலாம்.

கத்தரித்து ஒட்டும் வேலை வைத்தால் பத்திரிகையை முதல் நாளே புரட்டிப் பாருங்கள். வீரகேசரியோ தினக்குரலோ, மரண அறிவித்தல் பக்கம் அப்படியே மேசைக்கு வந்துவிடும். தாளைக் கையால் கிழிப்பதே நல்லது, கிழிந்த விளிம்பு அழகாகவும் இருக்கும். கத்தரிக்கோல் தேவைப்பட்டால் முனை மழுங்கியதாக, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

இனிக் களிமண். ஆளுக்கு அரைக் கிலோ, ஈரத்துணியால் மூடி. சுவர் ஒரு சென்ரிமீற்றர் அளவில் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். கோப்பைக்குப் பிடி வைக்கும்போது ஒட்டும் இரண்டு முகத்தையும் முள்ளுக்கரண்டியால் கீறி, கரைத்த மண்ணைப் பூசி அழுத்துங்கள். வெறுமனே ஒட்டினால் காயும்போது கழன்றுவிடும். நன்றாக ஒட்டியும் வெடித்தால், மெல்லிய பிடி முதலில் காய்ந்து சுருங்க, தடித்த உடம்பு பின்தங்கியது என்று அர்த்தம். அதற்காகத்தான் முதல் இரண்டு மூன்று நாள் ஷொப்பிங் பையால் மூடி வைப்பது. மழைக்காலத்தில் காய ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கும். ஈரம் போக முதல் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும். சுடாமலே கொடுப்பதானால், தண்ணீர் பட்டால் கரையும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவியவர், கையில் சேறாகப் போனதைப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை வரமாட்டார்.

படத்துக்கு விளக்கம் சொல்லும் ஆசைதான் பெரிய வியாதி. 'ஏன் எல்லாம் கறுப்பு?' என்று கேட்காதீர்கள். கறுப்புப் போத்தல் கிட்ட இருந்திருக்கும். 1946இலிருந்து இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்திய எட்வர்ட் அடம்சன், படங்களுக்குப் பொருள் சொல்லாமல் ஒதுங்கி நின்றவர். 'இந்த நீலத்தை எப்படிக் கலந்தீங்கள்?' என்று கேளுங்கள், அதற்குப் பதில் வரும். அர்த்தம் தேடுவது பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளரின் வேலை. நீங்கள் நடத்துவது செயலமர்வு, மருந்துக்கு மாற்றும் அல்ல. 'இப்ப நல்லாயிருக்கு, குளிசையை விடலாமோ' என்று கேட்பவரை அவரது கிளினிக் வைத்தியரிடமே அனுப்புங்கள்.

வாசல் பலகையில் 'மனநோய்' என்ற சொல்லே வேண்டாம், 'சனிக்கிழமை ஓவியம்' போதும். முகம் தெரியும் படம் ஃபேஸ்புக்கில் போனால் அடுத்த நாள் ஒரு வீட்டில் கலியாணப் பேச்சு நின்றுவிடும். கண்காட்சி வைத்தால் பெயர் போடுவதா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

சுவரில் இரண்டு இலக்கங்களை எழுதி ஒட்டுங்கள்: அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி 1926, அம்புலன்சுக்கு 1990. தற்கொலை பற்றி யாராவது பேசினால் தூரிகையை வைத்துவிட்டு, இரண்டாவது நடத்துநர் அவரோடு தனியாக இருந்து, அங்கிருந்தே அழைக்க வேண்டும். வீட்டுக்கு அவரைத் தனியாக ஓட்டோவில் ஏற்றி அனுப்பக் கூடாது.