வட இந்தியக் குளிர்காலக் காய்கறி: கேள்வி பதில்

அக்டோபர் பிறந்தால் போதும், வடக்கே நிலம் வைத்திருக்கும் நம்மவர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தேதிகள் எல்லாம் ஹரியானா, பஞ்சாப், டெல்லி, மேற்கு உத்தரப்பிரதேசச் சமவெளிக்கு மட்டும். மலைப்பக்கம் இருப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோனிபட்டிலிருந்து: சொந்த ஊர் தேனி, அங்கே அப்பாவோடு தோட்டம் பார்த்திருக்கிறேன். இங்கே அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன் அண்ணா. குளிர்காலத்தில் எந்தக் காய் போட்டால் காசு?

தம்பி, தேனியில் ஒரு வாரம் முன்னே பின்னே நட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே அந்த ஒரு வாரம்தான் விளைச்சல். டிசம்பர் நடுவுக்குப் பிறகு இரவுக் குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும், பகலில் மூடுபனி, வெயிலே இருக்காது. செடி அப்படியே நின்றுவிடும். மார்ச்சில் திடீரென்று வெயில் ஏறி, கீரையெல்லாம் பூவெடுத்துவிடும். அதனால் டிசம்பருக்குள் செடி உடம்பு பிடித்திருக்க வேண்டும். எந்தக் காய் என்று முடிவு செய்வதற்கு முன், அதை இந்த வாரம் போடலாமா என்று பாருங்கள்.

அடுத்து விலை. ஜனவரியில் டெல்லியின் ஆசாத்பூர் மண்டிக்கு, அதாவது மொத்தச் சந்தைக்கு, எல்லோருடைய காலிஃபிளவரும் முள்ளங்கியும் ஒரே நேரத்தில் வந்து குவியும். வண்டி வாடகைகூடத் தேறாமல் வயலிலேயே உழுதுவிடுபவர்கள் உண்டு. சின்ன நிலத்துக்காரர் அந்தக் கூட்டத்தில் போய் மாட்டக் கூடாது. காத்திருக்கும் பயிர் பாதி, சுழற்றிக்கொண்டே இருக்கும் பயிர் பாதி என்று பிரிப்பதுதான் என் யோசனை.

அரை ஏக்கர் என்றால் உங்கள் ஊர்க் கணக்கில் 4 கனால். ஒரு கனால் பன்னிரண்டரை சென்ட். ஒரு கனாலில் பூண்டு. இப்போதே ஊன்றிவிடுங்கள், 15க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் 25 முதல் 30 கிலோ பல் பிடிக்கும். ஏப்ரலில் பிடுங்கி, காயவைத்து, விலை வரும்வரை கட்டித் தொங்கவிடலாம். இன்னொரு கனாலில் சிவப்புக் கேரட். முற்றிய பிறகும் இரண்டு மூன்று வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து, வேண்டும்போது எடுக்கலாம். மூன்றாவதில் பாலக், மேத்தி (வெந்தயக்கீரை), கொத்தமல்லி. ஒரே நாளில் விதைக்காமல் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு பாத்தி. பாலக் ஒரு மாதத்தில் முதல் அறுப்புக்கு வரும், பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். வாரச் சந்தையில் தினச் செலவுக்குக் காசு தருவது இதுதான். கடைசிக் கனாலில் காலிஃபிளவரோ புரோக்கோலியோ வையுங்கள். நிலம் முழுக்கக் காலிஃபிளவர் மட்டும் வேண்டாம். பூ விரிந்த பிறகு அது நமக்காக ஒரு வாரம்கூடக் காத்திருக்காது.

மீரட்டிலிருந்து: போன வருடம் நவம்பர் நடுவில் நர்சரியில் காலிஃபிளவர் நாற்று வாங்கி நட்டோம். செடி ஒரு ஜாண் வளர்வதற்குள் எலுமிச்சை அளவில் பூ வைத்து, அத்தோடு நின்றுவிட்டது. உரம் போதவில்லையா?

உரமும் ஒரு காரணமாக இருக்கலாம் மேடம், தழைச்சத்து குறைந்தாலும் இப்படி ஆகும். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரகம் தப்பு, அல்லது நாற்று கிழடு. பெரும்பாலும் இரண்டும்.

வட இந்தியக் காலிஃபிளவர் ஒரே பயிர் அல்ல, நான்கு பயிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பூ வைக்க ஒவ்வொரு குளிரை எதிர்பார்க்கும். பூசா மேக்னா போன்ற முன்பருவ ரகங்களுக்கு 20 முதல் 27 டிகிரி போதும். மே, ஜூனில் நாற்றுவிட்டு, செப்டம்பர் அக்டோபரில் பூ வெட்டுவார்கள். பூசா ஷரத் 16 முதல் 20 டிகிரிக்கு, ஜூலைக் கடைசியில் நாற்றுவிட்டால் நவம்பர் நடுவிலிருந்து பூ. பூசா பௌஷ்ஜா, பூசா சுக்தி இரண்டும் அதைவிடக் குளிருக்கு, ஆகஸ்ட் கடைசியில் நாற்று. கடைசியாக ஸ்னோபால் ரகங்கள், அதாவது பூசா ஸ்னோபால் கே-1, கே-25. இவை 10 முதல் 16 டிகிரியில்தான் பூ கட்டும். செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுவரை நாற்றுவிட்டு, நவம்பரில் நடவேண்டும்.

முன்பருவ ரகத்தைக் கொண்டுபோய் நவம்பரில் நட்டால், அது கேட்ட குளிருக்கு மேலேயே கிடைத்துவிடுகிறது. இலை விடும் முன்பே பூ வைத்துவிடும். உங்கள் எலுமிச்சைப் பூ அதுதான். தலைகீழாக, ஸ்னோபாலை ஆகஸ்டில் நட்டால் பூவே இல்லாமல் இலையாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டுக்கும் யூரியா மருந்தாகாது.

நாற்று வாங்கும்போது ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். நான்கைந்து வார நாற்றின் தண்டு வளையும், வேர் வெள்ளையாக இருக்கும். தண்டு விறைத்து ஊதா நிறம் ஏறி, அடியிலைகள் உதிர்ந்த தழும்பு வரிசையாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். நர்சரிக்காரர் ரகத்தின் பெயர் சொல்லாமல் 'நல்ல பூ வரும்' என்று மட்டும் சொன்னாலும் அப்படியே. இந்த வருடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஸ்னோபால் விதை வாங்கி, 15 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தியில் நீங்களே நாற்றுவிடுங்கள். விதையோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்தால் நாற்றழுகலுக்குப் பயப்பட வேண்டாம்.

அவரே: பூவை வெட்டினால் உள்ளே தண்டு பொந்தாகி, பழுப்பாக இருக்கிறதே?

பழுப்பு ஏறியிருந்தால் போரான் குறைவு. நடவுக்கு முன் ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ போராக்ஸ், அதற்கு மேல் வேண்டாம். போரான் கூடினாலும் செடி கருகும். வெறும் பொந்து மட்டும் என்றால் யூரியாவை அள்ளிப் போட்டிருப்பீர்கள்.

கிரேட்டர் நொய்டாவிலிருந்து: கேரட் எல்லாம் இரண்டு கால், மூன்று கால் வைத்து வருகிறது. ஊட்டிக் கேரட் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வேர் இறங்கும் வழியில் கல்லோ, கட்டியோ, மட்காத சாணமோ இருந்தால் கேரட் பிளந்து இரண்டாகப் போகும். தொழுவுரத்தை முந்தைய பயிருக்கே போட்டுவிடுங்கள், கேரட்டுக்கு நேராக வேண்டாம். ஒரு அடி ஆழம் உழுது, பார் பிடித்து, பார் மேல் விதையுங்கள். முளைக்க ஒரு வாரம் பத்து நாள் எடுக்கும், அதுவரை மேல்மண் காயக் கூடாது. வரிசையில் அங்கங்கே முள்ளங்கி விதை கலந்து தூவுவது ஒரு நல்ல வழக்கம். அது சீக்கிரம் முளைத்து வரிசையைக் காட்டிவிடும், களை எடுக்கத் தோதாக இருக்கும்.

ஆரஞ்சு வேண்டுமென்றால் நான்டெஸ், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை. ஆனால் விற்பதற்கு என்றால் சிவப்புதான், பூசா ருதிராவைப் போடுங்கள். குளிர் வந்ததும் இங்கே வீட்டுக்கு வீடு கேரட் அல்வா கிளறுவார்கள், அதற்கு ஆரஞ்சுக் கேரட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூசா அசிதா என்று கறுப்புக் கேரட்டும் உண்டு. காஞ்சி என்று இவர்கள் ஊறவைத்துக் குடிக்கும் புளித்த பானத்துக்குப் போகும். ஓரமாக ஒரு பாத்தி போட்டுப் பாருங்கள். ஹோலி நெருங்கும்போது தேடி வருவார்கள்.

அலிகரிலிருந்து: பட்டாணி இப்போதே போடலாமா? இங்கே நீல்காய் என்ற காட்டு மான் தொல்லை வேறு.

அக்டோபர் நடுவில் போடுங்கள். செப்டம்பரில் போட்டால் சூட்டில் வாடல் நோயும் தண்டு ஈயும் பாதிச் செடியைக் கொண்டுபோய்விடும். ஆர்க்கெல் பழைய ரகம், இன்றும் மோசமில்லை. வாராணசி காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தின் காசி நந்தினி, காசி உதய் இரண்டும் சீக்கிரம் காய்க்கும். ஏக்கருக்கு 40 கிலோ விதை, ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து. நவம்பர் நடுவைத் தாண்டினால் சாம்பல் நோயோடு போராட வேண்டியிருக்கும்.

நீல்காய்க்குப் பட்டாணி என்றால் உயிர். உங்கள் பக்கத்தில் வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நாளைக்கு அது வேலை செய்யும், பிறகு பழகிவிடும். காவல் இருக்க ஆள் இல்லையென்றால் ஓரத்து வரிசைகளில் பூண்டும் வெங்காயமும் வையுங்கள், பட்டாணி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அம்பாலாவிலிருந்து: ஊருக்குப் போகிறேன். ஊட்டியிலிருந்து விதை உருளைக்கிழங்கு ஒரு மூட்டை கொண்டு வரலாமா சார்?

கூடவே கூடாது. நீலகிரி மண்ணில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே கொண்டுபோகச் சட்டப்படியே தடை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். உங்கள் ஒரு மூட்டையால் ஊர் நிலமே கெடலாம்.

அவசியமும் இல்லை. நாட்டின் விதைக்கிழங்கில் பெரும்பகுதி உங்களுக்குப் பக்கத்திலேயே, ஜலந்தர் பக்கம்தான் விளைகிறது. குஃப்ரி புக்ராஜ் வாங்குங்கள், சீக்கிரம் பருக்கும். அக்டோபர் நடுவுக்குள் ஊன்றிவிட வேண்டும், 60க்கு 20 சென்டிமீட்டர். அடுத்த வருடத்துக்குச் சொந்த விதை வேண்டுமென்றால் ஒரு மூலையை ஒதுக்கி, டிசம்பர் கடைசியில் அங்கே செடியைத் தரையோடு அறுத்துவிடுங்கள். ஜனவரியில் அசுவினி பெருகி வைரஸைக் கொண்டுவருவதற்குள் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து, தோல் கெட்டியானதும் தோண்டலாம். மூடுபனி, மேகம் என்று நாலு நாள் தொடர்ந்தால் இலைக்கருகல் நோய் வரும். கரும்புள்ளியைக் கண்ட பிறகு ஓடாமல், முன்கூட்டியே லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லி அடித்துவிடுங்கள்.

கர்னாலிலிருந்து: நெல் அறுத்த வயல், அக்டோபர் கடைசியில்தான் காலியாகும். காய்கறி வருமா?

சேற்றுழவு செய்த நிலம், அடியில் தட்டு இறுகியிருக்கும். கேரட்டை இந்த வருடம் மறந்துவிடுங்கள். மேட்டுப்பார் போட்டு ஸ்னோபால், முட்டைக்கோஸ், பாலக் வைக்கலாம். வைக்கோலைக் கொளுத்தாமல் வரிசைகளுக்கு நடுவே பரப்புங்கள், களையும் குறையும், ஈரமும் நிற்கும். அடுத்த வருடம் பூசா பாஸ்மதி 1509 மாதிரிக் குறுகிய கால நெல்லுக்கு மாறினால் வயல் முன்னதாகவே காலியாகும், உருளைக்கிழங்கோ பட்டாணியோ நேரத்துக்குப் போடலாம்.

ஹிசாரிலிருந்து: ஜனவரியில் உறைபனி விழுந்து தக்காளி, மிளகாய் எல்லாம் வெந்தது மாதிரி ஆகிவிடுகிறது.

எல்லாவற்றையும் காப்பாற்ற ஓட வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், பாலக், பூண்டு, வெங்காயம் தாங்கும். பட்டாணிச் செடி தாங்கும், ஆனால் அதன் பூவும் பிஞ்சும் தாங்காது. தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்குதான் அடிபடும். சாயங்காலம் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து, காற்று நின்று, குளிர் கடிக்கத் தொடங்கினால் அன்று இரவு உறைபனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே லேசாகத் தண்ணீர் கட்டுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருந்து இரவில் விடும். இளஞ்செடிகளுக்குச் சர்க்கண்டாப் புல்லில் தட்டி செய்து வடமேற்குப் பக்கம் சாய்த்து வையுங்கள், தென்கிழக்கு திறந்திருக்கட்டும். வாடைக்காற்றை மறைக்கும், காலை வெயில் உள்ளே வரும். பாலித்தீன் குடில் போட்டவர்கள் பகலில் ஓரத்தைத் தூக்கிவிட மறக்காதீர்கள், உள்ளே அவிந்துவிடும்.

குருகிராமிலிருந்து: முருங்கை வைக்கலாமா?

பிப்ரவரி போகட்டும் அக்கா. இப்போது வைத்த கன்றை ஜனவரிக் குளிர் கொன்றுவிடும்.

பானிபட்டிலிருந்து: டிசம்பரில் என் தக்காளி இலையெல்லாம் நூல் மாதிரிச் சுருண்டது. வைரஸ் என்று கடையில் மருந்து கொடுத்தார்கள், பலனில்லை.

பக்கத்து வயல் கோதுமையா? விதைத்து ஒரு மாதம் போல ஆனதும் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடிப்பார்கள். கோதுமைக்கு ஒன்றும் ஆகாது, காற்றில் வந்து விழுந்தால் தக்காளி சுருண்டுவிடும். இன்னொரு சந்தேகம், இரவல் வாங்கிய தெளிப்பான். களைக்கொல்லி அடித்த பம்பை எத்தனை முறை அலசினாலும் குழாயில் மிச்சம் நிற்கும். காய்கறிக்குத் தனியாக ஒரு பம்பு வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்டாலும் தராதீர்கள். அடுத்த முறை பக்கத்து வயல்காரரிடம் அடிக்கும் நாளைக் கேட்டுவைத்து, காற்று உங்கள் பக்கம் வீசாத நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

சண்டிகரிலிருந்து: வெங்காயம் மட்டும் கடைசிவரை புரியவில்லை. எப்போது நடுவது?

இந்த மாதக் கடைசியில் நாற்றுவிட்டு, டிசம்பர் கடைசியில் நடுங்கள். எல்லாக் காய்க்கும் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிவிட்டு இதற்கு மட்டும் பொறுக்கச் சொல்கிறேனே என்று குழம்ப வேண்டாம். முன்னதாக நட்டுப் பெரிதாகிவிட்ட செடிக்கு ஜனவரிக் குளிர் பட்டால் வெங்காயம் கட்டாமல் பூத்தண்டு விட்டுவிடும். ஆறிலிருந்து எட்டு வார நாற்று, 15க்கு 10 சென்டிமீட்டர், ரகம் பூசா ரெட் அல்லது அக்ரிஃபவுண்ட் லைட் ரெட். கரீஃப் (மழைக்கால) பருவ ரகத்தின் விதையை மலிவாகத் தள்ளிவிடுவார்கள், பையில் 'ரபி', அதாவது குளிர்காலப் பருவம், என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.