கும்ப லக்னத்துக்கு அதிபதி சனியா, யுரேனஸா?

கேள்வி இதுதான்: "எனக்குக் கும்ப லக்னம். ஊர் ஜோசியர் லக்னாதிபதி சனி என்கிறார். போனில் இருக்கும் ஆப் யுரேனஸ் என்கிறது. எதை வைத்துப் பலன் பார்ப்பது?"

சனி. பதில் அவ்வளவுதான். இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு நானும் ஒரு வருடம் சுற்றியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நானும் கும்ப லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்துக்கொண்டிருந்த ராசி கும்பம். 1999 கார்த்திகையில் ஒரு மதியம் பிறந்தவன். அப்போது சனி மேஷத்தில், அதாவது நீசம், பலம் குறைந்த இடம். கணக்கில் மார்க் குறைந்தாலும் சனி, சைக்கிளிலிருந்து விழுந்தாலும் சனி என்று கேட்டே வளர்ந்தேன். பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகு, சில்க் போர்டில் பஸ் நகராமல் நின்ற ஒரு மாலை, பக்கத்து சீட் நண்பன் மேல்நாட்டு முறையில் ஜாதகம் போடும் ஆப் ஒன்றைக் காட்டினான். பிறந்த நேரத்தைத் தட்டினேன். லக்னம் கும்பம், அதிபதி யுரேனஸ், அவர் லக்னத்திலேயே ஆட்சி (சொந்த வீட்டில் இருக்கிறார்) என்று வந்தது. நீசன் போய் ஆட்சிக்காரன் வந்துவிட்டான்! அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அல்சூரில் என் தாய்மாமா இருக்கிறார். ஜோசியம் அவருக்குத் தொழில் இல்லை, ரிட்டயர் ஆனபின் பிடித்துக்கொண்ட பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். பதில் பேசாமல் மளிகை பில்லின் பின்பக்கம் ராசிக் கட்டம் போட்டார். 12 வீட்டுக்கும் பெயர் எழுதி, மேல்பாதி கீழ்ப்பாதி மேல் விழுகிற மாதிரி நடுவில் மடித்தார்.

"வெளிச்சத்துல புடிச்சு, எது மேல எது விழுதுன்னு பாருடா."

கடகம் சிம்மத்தின் மேல் விழுந்தது. சந்திரன், சூரியன். மிதுனம் கன்னியின் மேல், இரண்டும் புதன். ரிஷபம் துலாத்தின் மேல், சுக்கிரன். மேஷம் விருச்சிகத்தின் மேல், செவ்வாய். மீனம் தனுசின் மேல், குரு. கடைசியில் கும்பம் மகரத்தின் மேல், சனி. ஒளி தரும் இருவரில் தொடங்கி, சூரியனை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகும் வரிசையிலேயே வீடுகள் விழுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற கிரகங்களில் மிகவும் தள்ளி இருப்பவர் சனி. அவர் வீடுகள் கடகத்துக்கும் சிம்மத்துக்கும் நேர் ஏழில். நீங்களும் ஒரு காகிதத்தில் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்தில் இதே பங்கீடுதான். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமியும் இதையேதான் சொல்கிறார்.

"இதுல யுரேனஸை எங்கே வைப்பே?" என்றார். இடமில்லை.

யுரேனஸை வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1781இல். நெப்டியூன் 1846, புளூட்டோ 1930. அப்புறம்தான் மேல்நாட்டு ஜோசியர்கள் கும்பத்தை யுரேனஸுக்கும் மீனத்தை நெப்டியூனுக்கும் விருச்சிகத்தைப் புளூட்டோவுக்கும் கொடுத்தார்கள். (புளூட்டோவை 2006இல் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களே என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வாதம் எனக்குப் பிடிக்காது. ராகுவும் கேதுவும் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்?) யுரேனஸ் என்றால் திடீர் மாற்றம், புதுமை, கும்பத்துக்கும் அதே சாயல் என்று குணப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தது அது. நம் பக்கம் காரகத்துவம் (கிரகம் எதைக் குறிக்கிறது) வேறு, ஆதிபத்தியம் (எந்த வீடு சொந்தம்) வேறு. சாயல் இருப்பதால் வீடு சொந்தமாகிவிடாது. மேல்நாட்டிலேயே பழைய முறையில் பார்ப்பவர்கள் இன்றும் 7 பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் எனக்குப் பிறகுதான் உறைத்தது. யுரேனஸை உள்ளே விட்டால் புளூட்டோவும் கூடவே வருவார். கும்பத்துக்குத் தொழிலைச் சொல்லும் பத்தாமிடம் விருச்சிகம், அதை அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். என் ஜாதகத்தில் அந்த வீட்டுக்காரரான செவ்வாய் மகரத்தில் உச்சம் (முழுப் பலம்), லக்னத்துக்குப் பன்னிரண்டில். பத்துக்குடையவன் பன்னிரண்டில் என்றால் சொந்த ஊரில் பிழைப்பு இல்லை என்பார்கள். நான் பெங்களூரில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதோடு சனி நீசமாக நிற்பது இதே செவ்வாயின் வீடு. வீடு கொடுத்தவன் உச்சமானால் நீசபங்கம், நீசத்தின் குறை நீங்கிவிடும். சனி நிற்பது பரணி நட்சத்திரம், அதாவது சுக்கிரன் சாரம், சுக்கிரனுக்கு உரிய நட்சத்திரம். கும்ப லக்னத்துக்கு நான்காம், ஒன்பதாம் வீடுகளுக்கு உடைய யோகாதிபதி, அதாவது அதிக நன்மை செய்பவர் அவர். இவ்வளவும் அந்தக் கட்டத்திலேயே இருந்தது. நீசம் என்ற ஒரு சொல்லோடு எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், நானும் மிரண்டு யுரேனஸிடம் ஓடினேன்.

கிரகங்கள் முறைவைத்து ஆளும் காலமான தசைக்கு வந்தால் யுரேனஸ் நிலைமை இன்னும் மோசம். விம்சோத்தரி என்ற தசைக் கணக்கின் 120 வருடமும் ஒன்பது பேருக்கே பங்கு போட்டாகிவிட்டது: சுக்கிரனுக்கு 20, சனிக்கு 19, ராகுவுக்கு 18 என்று. லக்னாதிபதி தசை எப்போது என்று கேட்டால் யுரேனஸிடம் பதில் கிடையாது. அவர் ஒரு ராசியைக் கடக்கவே சுமார் 7 வருடம் ஆகிறது. என் வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அவர் ஒரே ராசிதான். அதை வைத்து எனக்கென்று தனியாக என்ன சொல்வது?

ராகு கும்பத்துக்கு இணை அதிபதி இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். உண்டு, ஜைமினி முனிவர் பெயரில் உள்ள தனி முறையில். கும்பத்துக்குச் சனியோடு ராகு, விருச்சிகத்துக்குச் செவ்வாயோடு கேது. அந்த முறையில் ராசிகளுக்குக் கொடுக்கும் சர தசைக்கு வருடம் எண்ணும்போது இருவரில் பலமானவர் யார் என்று பார்ப்பார்கள். கூட எத்தனை கிரகம் நிற்கிறது என்பது அதில் முக்கியமான விதி. எனக்குச் சனியோடு குரு நிற்கிறார், ராகு கடகத்தில் தனியாக. அங்கேயும் சனிதான். அந்த முறைக்கு உள்ளேயே அதை வைத்துக்கொள்ளுங்கள்; நாம் வழக்கமாகப் பார்க்கும் பராசர முறையில் பலன் சொல்லிக்கொண்டே நடுவில் சனி சரியில்லை என்று ராகுவைக் கூப்பிடக் கூடாது.

அதிபதியைப் பற்றிக் கவலைப்படும் முன் லக்னம் எத்தனை பாகையில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ராசிக் கணக்குக்கும் மேல்நாட்டுக் கணக்குக்கும் உள்ள இடைவெளிதான் அயனாம்சம். அதில் பலரும் பயன்படுத்தும் லாஹிரி அயனாம்சத்துக்கும், பெங்களூர் ஜோசியர் பி.வி. ராமன் பெயரில் உள்ள அயனாம்சத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை பாகை வித்தியாசம். லாஹிரியில் கும்பம் 29 பாகை என்றால் ராமனில் மீனமாகிவிடும். அப்போது அதிபதியே குரு. மேல்நாட்டு ஆப்பில் வித்தியாசம் 24 பாகை. எனக்கு ஊர் ஜாதகத்தில் கும்பத்தில் 2 பாகை என்பதால்தான் அதிலும் ஆப்பிலும் கும்பமாகவே வந்தது. உங்களுக்கும் அப்படி வந்திருந்தால் ஊர் ஜாதகத்தில் லக்னம் முதல் ஆறு பாகைக்குள் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சனி எந்த ராசியில் நிற்கிறார் என்று கேள்வியில் நீங்கள் எழுதவே இல்லை. உங்களுக்கும் நீசமா?