ஃபினான்ஸியே அடியில் எண்ணெய் கசிகிறதா?

வணக்கம். ஃபினான்ஸியே, அதாவது பாதாம் பொடி, பழுப்பாக்கிய வெண்ணெய், முட்டை வெள்ளை சேர்த்துச் சுடும் சின்ன பிரெஞ்சு கேக், அடியில் எண்ணெய் கசிகிறது, ஓரம் மொறுமொறுப்பாக வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பாதாமை மிக்ஸியில் ஒரே மூச்சாக அரைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் பெரும்பாலும் அங்கேதான் கிளம்புகிறது. ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் என்றால் முதலில் ஈரம் போகக் காயவிடுங்கள். அப்புறம் ஐசிங் சர்க்கரையில் பாதியைச் சேர்த்து, விட்டுவிட்டு அரைத்துச் சலியுங்கள்.

வெண்ணெயை வெறுமனே உருக்கினால் போதாது, இந்த கேக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. உப்பில்லாத வெண்ணெயை மிதமான தீயில் வையுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் வரும், அது நீர் வற்றும் சத்தம். அது அடங்கி, நுரை பொங்கி, அடியில் திப்பிகள் பழுப்பாகி, வறுத்த கொட்டை வாசம் எழும். நெய்க்கு இறக்கும் பக்குவத்தைவிடச் சற்றுக் கூடுதலான நிறம். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், சூட்டிலேயே இருந்தால் கருகிவிடும். அந்தத் திப்பியை வடிகட்டி எறியாதீர்கள், ருசி முழுக்க அதில்தான். வெதுவெதுப்பாக ஆறியதும் மாவில் ஊற்றுங்கள்.

முட்டை வெள்ளையை நுரைக்க அடிக்க வேண்டாம், கலந்தால் போதும். மொறுமொறுப்பு வராததற்கு உங்கள் சிலிகான் அச்சும் 160 டிகிரி சூடும்தான் காரணம் என்பேன். வெண்ணெய் தடவிய உலோக அச்சில், 200 டிகிரியில் ஓரம் நன்றாகச் சிவக்கும்வரை சுடுங்கள். அன்றே சாப்பிட்டுவிடுங்கள், டப்பாவில் மூடி வைத்தால் மறுநாள் ஓரம் நமத்துவிடும்.